ஒரு குடும்பம், இரண்டு பெயர்கள்

கேள்வி:

நான் மொன்றியலில் வாழும் யாழ்ப்பாணத்துப் பெண். என் கணவர் கியூபெக்கில் பிறந்து வளர்ந்த பிரெஞ்சுக் கனடியர். குடும்பப் பெயர் தெஜார்தான். எங்கள் மகள் பள்ளிக்கூட வேலைக்காகத் தன் வம்சாவளியை வரையத் தொடங்கினாள். வேலையை ஒப்படைத்த பிறகும் அவள் அதை விடுவதாயில்லை. கணவரின் பூட்டனாருடைய திருமணப் பதிவில் ‘ருவா டி தெஜார்தான்’ என்று இருக்கிறது. அவருக்கு ஒரு தலைமுறை முன்னால் வெறும் ‘ருவா’. இது வேறு குடும்பமா, எழுதியவர் விட்ட பிழையா? அந்தக் காலப் பதிவுகளில் மணமான பெண்கள்கூடப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருக்கிறார்கள். ஆனால் என் மாமியாரின் தாயாருக்கு வந்த பழைய கடிதங்களில் எல்லாம் அவருடைய கணவரின் பெயர்தான். எங்கே தொடங்குவது, எதை நம்புவது? மகளின் குடும்பப் பெயரில் என் அப்பாவின் பெயரும் சேர்ந்திருக்கிறது. அதை இந்த வரைபில் எங்கே வைப்பது என்றும் அவள் கேட்கிறாள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கண்டது வேறு குடும்பமும் அல்ல, எழுத்துப் பிழையும் அல்ல. பழைய பிரெஞ்சுக் கனடாவில் ஏராளமான குடும்பங்களுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. நம் காணி உறுதிகளில் ‘கந்தையா என்கிற சின்னத்தம்பி’ என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ‘என்கிற’ செய்யும் வேலையைத்தான் பிரெஞ்சுப் பதிவில் ‘டி’ செய்கிறது. நம்மிடம் அது பெரும்பாலும் அந்த ஆளோடு முடிந்துவிடும். அங்கே பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொத்துப் போல இறங்கியது.

இது எப்படி வந்தது என்பதற்கு உங்கள் கணவரின் பெயரே நல்ல சான்று. 1665-இல் பிரான்சு அரசர் 14-ஆம் லூயி, இரக்குவா மக்களோடு நடந்த போருக்காகக் கரிஞான்-சலியேர் படைப்பிரிவைக் கியூபெக்குக்கு அனுப்பினார். வந்தவர்கள் சுமார் 1,200 பேர். போர் ஓய்ந்தபின் ஏறத்தாழ 400 பேர் அங்கேயே நிலம் பெற்றுத் தங்கிவிட்டார்கள். பிரெஞ்சுப் படையில் சிப்பாய்க்குப் பட்டப்பெயர் ஒன்று இருக்கும். பூ என்று பொருள்படும் லாஃப்ளேர், கவலையற்றவன் எனும் சான்ஷக்ரேன், மலையையே வெட்டிச் சாய்ப்பவன் எனும் திரான்ஷ்மோந்தாஞ் எல்லாம் அப்படி வந்தவை. தோட்டங்கள் என்று பொருள்படும் தெஜார்தான் அந்த வரிசையில் சேர்ந்ததுதான். அந்தப் படையில் அந்துவான் ருவா என்றொருவர் வந்தார். பூர்கோஞ் பகுதியின் ஜுவாஞி ஊர்க்காரர், பீப்பாய் செய்யும் தொழிலாளி. ‘டி தெஜார்தான்’ என்ற பட்டப்பெயர் அவருடையது. 1668-இல் மரி மஜோரை மணந்தார். அவர்களுடைய ஒரே மகன் பியேர் வழியாகவே அந்தக் கிளை தழைத்தது.

எல்லாமே படைப்பெயர்கள் அல்ல. பிரான்சில் எந்தப் பகுதியிலிருந்து வந்தார் என்பதே பெயரானதும் உண்டு. அன்ஜூவிலிருந்து வந்தவர் லான்ஷவேன், புவாத்துவிலிருந்து வந்தவர் புவாத்வேன், தூரேன் பகுதிக்காரர் தூராஞ்சோ. வாங்கிய காணியின் பெயர், தந்தையின் முதற்பெயர், ஆளின் குணம், தோற்றம் ஆகியவற்றிலிருந்தும் இரண்டாம் பெயர் பிறந்தது. ஒரே ஊரில் நான்கு ருவா குடும்பங்கள் இருந்தால் எந்த ருவா என்று சொல்ல வழி வேண்டுமல்லவா?

தேடுபவரைத் திணறடிப்பது இதற்கு அடுத்த கட்டம். இரண்டு பெயரில் எதை எப்போது சொல்ல வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. ஒருவரே ஞானஸ்நானத்தில் ருவா, திருமணத்தில் ருவா டி தெஜார்தான், அடக்கப் பதிவில் தெஜார்தான் என்று மூன்று விதமாக நிற்கலாம். உடன்பிறந்தவர்களில் ஒருவர் பிள்ளைகள் ருவா ஆகவும் இன்னொருவர் பிள்ளைகள் தெஜார்தான் ஆகவும் பிரிந்த வீடுகள் பல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஒற்றைப் பெயர் நிலைபெற்றது. கியூபெக் முழுக்கக் கிளை விரித்த தெஜார்தான் கூட்டுறவு வங்கி 1900-இல் லெவி நகரில் தொடங்கியது. அதன் நிறுவனர் அல்ஃபோன்ஸ் தெஜார்தானின் தந்தை பிரான்சுவா ருவா டி தெஜார்தான். தாய் கிளாரிஸ் மிவில் டி தெஷேன். இரண்டு பக்கமும் இரட்டைப் பெயர்! ஆகவே எந்தத் தேடலிலும் இரண்டு பெயரையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள்.

தம்பதியைப் பிடித்துக்கொண்டு போங்கள்

இவ்வளவு குழப்பத்திலும் மாறாமல் நிற்பது ஒன்று உண்டு. அது திருமணப் பதிவு. கியூபெக் கத்தோலிக்கப் பங்குகளின் திருமணப் பதிவு, மணமகன், மணமகள் இருவருடைய பெற்றோரின் பெயர்களையும் வழக்கமாகச் சொல்லிவிடும். தந்தை எந்தப் பங்கைச் சேர்ந்தவர், உயிரோடிருக்கிறாரா என்பதையும் சேர்த்தே எழுதுவார்கள். அதில் கிடைத்த பெற்றோரின் திருமணத்தைத் தேடுங்கள். அது அதற்கும் முந்தைய பெற்றோரைத் தரும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு திருமணங்களில் 1600களின் முதல் குடியேறிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

கணவன் பெயரும் மனைவி பெயரும் ஜோடியாகக் கையில் இருந்தால் பெயர் மாற்றம் உங்களை ஏமாற்ற முடியாது. ஜான் ருவாக்கள் ஒரு நூறு பேர் இருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு பெண்ணைக் குறிப்பிட்ட ஊரில் மணந்த ஜான் ருவா ஒருவர்தான். அவரே பிறகு ஜான் தெஜார்தான் என்று வந்தாலும் பக்கத்தில் அதே மனைவியின் பெயர் நிற்கும். இந்தத் துறையில் நான் யாருக்கும் சொல்லும் முதல் விதி இதுதான்: குடும்பப் பெயரைத் துரத்துகிறவர் வழி தவறுவார், தம்பதியைத் தொடர்கிறவர் போய்ச் சேருவார்.

ஒரு விதிவிலக்கை மனதில் வையுங்கள். மணமகன் மனைவியை இழந்தவர், மணமகள் கணவனை இழந்தவர் என்றால் பெற்றோர் பெயருக்குப் பதிலாக முந்தைய துணையின் பெயரை மட்டும் எழுதியிருப்பார்கள். அப்போது அவருடைய முதல் திருமணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பெற்றோர் அங்கே இருப்பார்கள்.

பெண்கள் பெயரை இழக்கவில்லை

மேலே சொன்ன முறை பலிப்பதற்கு முழுக் காரணம், பதிவுகளில் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடு இருப்பதுதான். பிரெஞ்சுச் சட்ட மரபில் ஒருவருடைய பெயர் ஞானஸ்நானத்தில் எழுதியதே. திருமணம் அதை மாற்றாது. பங்குத்தந்தையின் ஏட்டிலும் நொத்தாரிசின் உறுதியிலும் அவள் தன் பெயரிலேயே வாழ்ந்தாள், தன் பெயரிலேயே அடக்கமானாள். ‘இன்னாரின் மனைவி’ என்பது அதன் பின்னே ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலேய மரபில் மணமானவுடன் பெண் கணவனின் பெயருக்குள் மறைந்துவிடுவாள். பல குடும்பங்களின் தாய்வழி அந்த இடத்தோடு அறுந்துபோகும். கியூபெக்கில் தாயின் தாயின் தாய் என்று தாய்வழி ஒன்றையே முதல் குடியேறிவரை வரைய முடிகிறது. உலகில் வெகு சில இடங்களுக்கே இந்தப் பாக்கியம் உண்டு. உங்கள் மகளிடம் அந்தக் கோட்டையும் கட்டாயம் வரையச் சொல்லுங்கள்.

தாய்வழிக் கோடு அவளை எங்கே கொண்டுபோகும் என்றால், பெரும்பாலும் ‘அரசரின் மகள்கள்’ என்று பெயர்பெற்ற பெண்களிடம். 1663 முதல் 1673 வரை அரசச் செலவில் கப்பலேறி வந்த இளம்பெண்கள் சுமார் 770 பேர். பலர் தந்தையை இழந்தவர்கள், ஏழைகள். 1666-இல் ஆளுகை அதிகாரி ஜான் தலோன் எடுத்த குடிக்கணக்கில் குடியேற்றத்தின் தொகை வெறும் 3,215. ஆண்களின் எண்ணிக்கை மிகுதி, பெண்கள் குறைவு. அந்தப் பெண்கள் வராவிட்டால் இன்றைய கியூபெக் இல்லை. அந்துவானை மணந்த மரி மஜோரும் அவர்களில் ஒருவர்.

மாமியாரின் தாயாருக்கு வந்த கடிதங்கள் வேறு கதை. 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் ஊர் வழக்கில் ‘மதாம்’ என்று சொல்லிக் கணவர் பெயரைச் சேர்ப்பது பரவியது. கடிதம், செய்தித்தாள், கல்லறைக் கல் எல்லாம் அப்படியே எழுதின. 1981 ஏப்ரல் 2 முதல் கியூபெக் சட்டம் இதைத் தெளிவாக நிறுத்தியது. திருமணத்தால் பெயர் மாறாது. கணவன் மனைவி இருவரும் தம் தம் பெயரிலேயே சட்ட உரிமைகளைச் செலுத்த வேண்டும். நீங்கள் மணமானபின்னும் உங்கள் பெயரிலேயே இருப்பதும் அந்தச் சட்டப்படிதான். ஆகவே கல்லறையிலோ கடிதத்திலோ கண்ட பெயரை வரைபில் அப்படியே ஏற்றாதீர்கள். அந்த அம்மையாரின் திருமணப் பதிவிலுள்ள பெயரே அவர் பெயர்.

முதற்பெயரிலும் ஒரு கண்ணி

மகள் சீக்கிரமே திகைக்கப்போகும் இன்னோர் இடம் முதற்பெயர்கள். அண்மைக்காலம்வரை கியூபெக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெண்குழந்தை என்றால் முதலில் மரி, ஆண்குழந்தை என்றால் ஜோசெஃப் என்று ஏட்டில் ஏறும். அடுத்து ஞானத்தாய் அல்லது ஞானத்தந்தையின் பெயர். வீட்டில் கூப்பிடும் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். கனடாவின் பிரதமராயிருந்த பியேர் ட்ரூடோவின் முழுப் பெயர் ஜோசெஃப் ஃபிலீப் பியேர் ஈவ் எலியட் ட்ரூடோ. ஒரே வீட்டில் ஐந்து மரிகளைக் கண்டால் மகள் பயப்பட வேண்டாம். ஆனால் குழந்தை இறந்தால் அடுத்துப் பிறப்பதற்கு அதே பெயரை வைக்கும் வழக்கமும் இருந்தது. ஞானஸ்நானப் பதிவு கிடைத்தவுடன் இவரேதான் என்று முடிவு கட்டாமல், சிறு வயதில் அடக்கப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுத்து விதமும் நிலையாக இல்லை. பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பங்குத்தந்தை காதில் விழுந்தபடி எழுதினார். பிரெஞ்சில் சொல்லின் கடைசி எழுத்துகள் பல ஒலிக்காதவை என்பதால் ஒரே ஒலியை நாலைந்து விதமாக எழுத முடியும். மகள் எழுத்தைக் கண்ணால் பார்ப்பதோடு வாய்விட்டுப் படித்தும் பார்க்கட்டும். 1840 முதல் 1930 வரை ஏறத்தாழ 9 லட்சம் கியூபெக் மக்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அங்கே ருவா ‘கிங்’ ஆனது, லெபிளான் ‘வைட்’ ஆனது, புவாவேர் ‘கிரீன்வுட்’ ஆனது. காணாமல் போன ஒரு பெரியப்பா மாசசூசெட்ஸில் வேறு பெயரில் வாழ்ந்திருக்கக்கூடும். எதிர்த்திசையிலும் நடந்தது. 1704-இல் மாசசூசெட்ஸின் குரோட்டன் ஊரிலிருந்து சிறைபிடித்து வரப்பட்ட மத்தையஸ் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற ஆங்கிலச் சிறுவன் மொன்றியல் பக்கம் குடியேறினான். அவன் வழிவந்தவர்கள்தான் இன்றைய ஃபனேஃப் குடும்பத்தார்.

எதை எங்கே தேடுவது

வீட்டிலிருந்து தொடங்குங்கள். கணவரின் பெற்றோர், பாட்டனார் பாட்டியின் திருமணச் சான்றிதழ்கள், இறந்தவர் நினைவாக அச்சிடும் படம் போட்ட பிரார்த்தனை அட்டைகள், பைபிளின் முதல் பக்கக் குறிப்புகள். மாமியார் உயிரோடிருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து பேசுங்கள். அண்மைத் தலைமுறைகளின் பதிவுகள் தனிமனித மறைவு கருதிப் பொதுவில் கிடைப்பதில்லை. முதல் இரண்டு கண்ணிகளை நினைவுகள்தான் இணைக்கும்.

அதற்கு மேலே பங்குப் பதிவேடுகள். 1993 முடியும்வரை கியூபெக்கில் கோயில் ஏடே சட்டப் பதிவாகவும் இருந்தது. 1994 முதல்தான் அரசின் குடிநிலைப் பதிவகம் அந்தப் பொறுப்பை ஏற்றது. ஒவ்வொரு ஏட்டுக்கும் இரண்டு பிரதிகள்: ஒன்று கோயிலில், மற்றது நீதிமன்றத்தில். ஒன்று எரிந்தாலும் மற்றது தப்பியது. இரட்டைப் பிரதி முறை வருமுன்னர் நடந்த இழப்பும் உண்டு. 1640-இல் கியூபெக் நகரக் கோயில் எரிந்து ஏடுகள் சாம்பலானபோது, மக்களின் நினைவைக் கேட்டுத்தான் 1621 முதலான பதிவுகளைத் திரும்ப எழுதினார்கள். நீதிமன்றப் பிரதிகள் இன்று கியூபெக் தேசிய நூலக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மொன்றியலில் அதன் கிளை இருக்கிறது, இணையத்திலும் பழையவற்றைப் பார்க்கலாம். துருவான் நிறுவனம் 1940களில் படச்சுருளில் பிடித்த பதிவேடுகள் இன்னொரு பெருங்களஞ்சியம்.

தேடலைச் சுருக்கித் தருவது மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1966-இல் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்று ஆய்வுத் திட்டம். பழைய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் குடும்பம் குடும்பமாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னோடி சிப்ரியன் தாங்கே என்ற குருவானவர். 1871-க்கும் 1890-க்கும் இடையில் ஏழு தொகுதிகளில் பிரெஞ்சுக் கனடியக் குடும்பங்களின் அகராதியை வெளியிட்டார். கையெழுத்து ஏடுகளைக் கண்ணால் பார்த்தே அவர் செய்த வேலை அது. அதில் பிழைகளும் உண்டு. 1983-இல் வந்த ரெனே ஜெத்தேயின் அகராதி 1730 வரையான குடும்பங்களுக்கு அதைவிட நம்பகமானது.

பெயர்களின் எலும்புக்கூடு கிடைத்தபின் சதை வேண்டும் என்றால் நொத்தாரிசுகளின் ஆவணங்களைத் திறக்க வேண்டும். அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு முன் நொத்தாரிசு முன்னிலையில் திருமண ஒப்பந்தம் எழுதுவார்கள். ஒருவர் இறந்தால் வீட்டுச் சாமான் பட்டியல் எழுதுவார்கள்: எத்தனை மாடு, எத்தனை போர்வை, யாருக்கு எவ்வளவு கடன். வாரிசுப் பிள்ளைகளின் பெயர்களும் அங்கேயே இருக்கும். கோயில் ஏடு தொலைந்த இடத்தில் இவை கைகொடுக்கும்.

எதை நம்பக் கூடாது

யாரோ இணையத்தில் ஏற்றிய ஆயத்த வம்சமரத்தை வழிகாட்டியாக வையுங்கள், சான்றாக வைக்காதீர்கள். ஒரே பெயருள்ள இருவரை ஒருவராக்கிய பிழை ஒன்று நூறு மரங்களுக்குப் பரவும். ஒவ்வொரு கண்ணிக்கும் மூலப் பதிவின் படத்தை மகள் தானே பார்த்துத் தேதியையும் பங்கையும் குறித்துக்கொள்ளட்டும். உங்கள் கோடு அந்துவான் ருவாவிடம் முடிய வாய்ப்பு மிகுதி. ஆனாலும் தெஜார்தான் என்ற பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு அங்கே தாவக் கூடாது.

பிரபுக் குல முன்னோர் பற்றிய வீட்டுக் கதைகளிலும் நிதானம் தேவை. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரவாக்கின் குடும்பம் கியூபெக்கிலிருந்து போனது. பிரெத்தாஞ் நாட்டுப் பிரபு ஒருவர் தம் முன்னோர் என்று அவர் நம்பினார். பிரான்சுக்கே போய்த் தேடினார், கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் குடியேறி 1732-இல் மணமுடித்தபோதே தன் பெயரை மாற்றிச் சொல்லியிருந்ததுதான் காரணம். உண்மையில் அவர் ல பிஆன் என்ற குடும்பப் பெயர் கொண்ட நொத்தாரிசு ஒருவரின் மகன் என்பது கெரவாக் இறந்து பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது.

மரபணுச் சோதனை செய்தால் ஆயிரக்கணக்கில் உறவினர் வருவார்கள். பெருமகிழ்ச்சியில் எல்லோரையும் நெருங்கிய சொந்தமாக எண்ணிவிடாதீர்கள். சிறிய கூட்டத்திலிருந்து பெருகிய மக்கள் இவர்கள். 1634-இல் வந்த தச்சர் சக்கரி குளுத்தியேவுக்கு 1800-க்குள் 10,850 வழித்தோன்றல்கள் என்று மொன்றியல் பல்கலைக்கழகம் கணக்கிட்டது. கியூபெக்கின் திராம்பிளேக்கள் அத்தனை பேரும் 1657-இல் மணந்த பியேர் திராம்பிளே, ஓசான் அஷோன் என்ற ஒரே தம்பதியின் வழியினர். ஒரே முன்னோர் உங்கள் வரைபில் நான்கைந்து இடங்களில் வருவது இயல்பு.

தேடினால் கசப்பும் கிடைக்கும். அந்துவான் ருவா 1684-இல் லஷீனில் கொல்லப்பட்டார். தன் மனைவியோடு அவரைக் கண்ட கணவனே கொன்றான். வழக்கு ஆவணங்களில் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. மகள் தானாகப் போய் இதில் மோதுவதைவிட நீங்கள் முன்னதாகச் சொல்வது நல்லது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒளிக்க வேண்டியதில்லை. சின்னவள் என்றால் கொலையுண்டார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் அப்பாவின் பெயர்

கியூபெக் சட்டப்படி பிள்ளையின் குடும்பப் பெயரில் தாயின் பெயரும் தந்தையின் பெயரும் இடம்பெறலாம். அதிகபட்சம் இரண்டு பாகங்கள். உங்கள் மகளுக்கு நீங்கள் அந்த உரிமையைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். நம் வழக்கில் தந்தையின் பெயர் ஒரு தலைமுறையோடு நிற்கும். உங்கள் அப்பப்பாவின் பெயர் உங்கள் பெயரில் இல்லை. இங்கே உங்கள் அப்பாவின் பெயர் மகளின் குடும்பப் பெயராகிவிட்டது. அவள் விரும்பினால் தன் பிள்ளைகளுக்கும் கொடுப்பாள். பிரான்சின் மர்த்தேன், வேன்சான் என்ற குடும்பப் பெயர்களும் பல நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு தகப்பனின் சொந்தப் பெயராக இருந்து இறங்கியவையே. ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: வரைபில் அம்மப்பாவின் இடம் மற்ற பாட்டனாருக்குச் சமமான இடம்தான்; கூடவே, ஒரு புதிய குடும்பப் பெயர் தொடங்கிய இடம் என்று குறிப்பும் எழுத வேண்டும்.

அந்தக் குறிப்பு மிக அவசியம். நூறு ஆண்டு கழித்துத் தேடும் ஒருவர் அந்தப் பெயரை யாழ்ப்பாணத்தில் குடும்பப் பெயராகத் தேடினால் ஒன்றும் அகப்படாது. அது ஓர் ஆளின் பெயர், அவருடைய தகப்பன் பெயர் வேறு, ஊர் இது என்று இப்போதே எழுதிவைத்தால்தான் வழி திறந்திருக்கும். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் கேட்கும் கட்டம் உண்டு. உங்கள் அப்பாவின் சான்றிதழும் உங்களுடையதும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தொலைந்துபோயிருந்தால், ஊரில் பிறந்து வளர்ந்த மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள்: பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், தாயின் ஊர். பெண்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். கியூபெக்கின் பங்குத்தந்தைகள் 400 ஆண்டுகளாக ஏட்டில் செய்த நல்ல காரியத்தை நம் பக்கத்துக்கு நாம்தான் செய்ய வேண்டும்.

தகப்பன் பக்கத்துக்கு ஏடுகள் காத்திருக்கும், அடுத்த வருடம்கூடத் தேடலாம். உங்கள் பக்கத்துக்கு மனிதர்களின் நினைவுதான் ஏடு. ஆகவே மகள் முதலில் தொலைபேசி எடுக்க வேண்டியது ஊருக்கு.